வண்டிக் கேள்வி பதில்: நாலு விரல் இடைவெளியும் நாலு பேர் குடும்பமும்

போன இதழில் போகிற போக்கில், காரின் உயரத்தை மாற்ற உதவுகிற ஸ்பிரிங்-ஷாக் செட்டான காயிலோவரைப் பற்றி ஒரு நாள் விரிவாகப் பேசலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், மதுரையைச் சுற்றி இத்தனை பேர் காரைத் தாழ்த்திக்கொண்டு திரிகிறார்களா என்று ஆச்சரியமாக இருக்கிறது, அதுவும் நம் ஊர் வேகத்தடைகளை வைத்துக்கொண்டு. சரி, இந்த முறை முழுக்க அதுதான். முதல் கேள்விக்கே பாதிக்கு மேல் இடம் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கேட்டதில் பலவற்றுக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

கேள்வி: அண்ணே, என்னிடம் 2016 போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இருக்கிறது. 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் மேலூரிலிருந்து மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் ஒரு தடவை போடிமெட்டு அல்லது கொடைக்கானல், வருஷத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூர் கரி டிராக். காயிலோவருக்கென்று ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கடையில் தைவான் செட் சொல்கிறார்கள்: முன்னால் 6 கிலோ, பின்னால் 5 கிலோ ஸ்பிரிங், ஷாக்கின் இறுக்கத்தைத் திருகி மாற்ற 30 கிளிக். இன்னொரு இடத்தில் ஜெர்மன் செட், ஆனால் உயரம் மட்டும்தான் மாற்றலாம், கிளிக்கே கிடையாது. ஸ்பிரிங் மட்டும் மாற்று, போதும் என்கிறான் நண்பன். எதை வாங்கட்டும்? (மேலூர் வாசகர்)

பதில்: தம்பி, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், காரில் இப்போது என்ன குறை என்பதை மட்டும் எழுதவில்லை. வளைவில் சாய்கிறதா, நாலுவழிச் சாலையில் 100-ஐத் தாண்டினால் மிதக்கிறதா, பிரேக் மிதித்தால் மூக்கு குத்துகிறதா, இல்லை, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் போகிறது, பார்க்க லட்சணமாக இல்லை என்பதுதான் குறையா? கடைசிக் காரணமாக இருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆசை என்றால் ஆசைதான். ஆனால் மிதக்கிறது, குதிக்கிறது என்றால், 78,000 கிலோமீட்டர் நம் சாலையில் அடி வாங்கிய ஷாக்கைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அதைக் கழற்றிவிட்டு எந்தப் புது ஷாக்கைப் போட்டாலும், கம்பெனி ஷாக்கே ஆனாலும், கார் புதுசு மாதிரி ஆகிவிடும். காயிலோவர் போட்டதும் "என்னமா ஓடுது" என்று சொல்கிறவர்களில் பல பேருக்கு அது காயிலோவர் தந்த சுகமே இல்லை, செத்த ஷாக் போன சுகம்.

பெயரைக் கேட்டும் மயங்க வேண்டாம். ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங் மாட்டியிருந்தால் அது காயிலோவர், அவ்வளவுதான். உங்கள் போலோவின் முன்பக்கம் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த அமைப்பில்தான் வருகிறது. மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர், 1940-களின் கடைசியில் ஃபோர்டு கார்களில் வந்த பழைய ஐடியா. கடையில் காயிலோவர் என்று விற்பது, ஷாக்கின் உடம்பில் மரை வெட்டி, ஸ்பிரிங் உட்காரும் தட்டை மேலே கீழே நகர்த்துகிற மாதிரி செய்த செட். பின்பக்கம் உங்களுக்கு ட்விஸ்ட் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற ஒரே உத்திரம். ஸ்பிரிங் ஒரு இடத்தில், ஷாக் ஒரு இடத்தில். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பின்னால் வரப்போவது தனி ஸ்பிரிங்கும், அதன் அடியில் வைக்க மரை போட்ட ஒரு தட்டும், ஒரு ஷாக்கும்தான்.

இப்போது அந்த 6 கிலோவுக்கு வருவோம். 6 கிலோ ஸ்பிரிங் என்றால், அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 6 கிலோ எடை வேண்டும் என்று அர்த்தம். உங்கள் முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 300 கிலோ உட்கார்ந்திருப்பதாகக் கணக்குக்கு வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு கார்களில் கம்பெனி ஸ்பிரிங் 2 கிலோ பக்கம் இருக்கும். அப்படியானால் கார் சும்மா நிற்கும்போதே அது 150 மி.மீ. அமுங்கியிருக்கிறது. 6 கிலோ ஸ்பிரிங்கோ 50 மி.மீ. மட்டும்தான் அமுங்கியிருக்கும். இந்த 50 இருக்கிறதே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. சக்கரம் குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைக் கீழே தள்ள வேண்டும். 50 மி.மீ. விரிந்ததும் அதனிடம் சரக்கு தீர்ந்துபோகிறது. அதற்குக் கீழே சக்கரம் ரோட்டைத் தொடாது, காரின் அந்த மூலை சக்கரத்தோடு சேர்ந்து குழிக்குள் விழும், அப்புறம் எதிர்க்கரையில் ரிம்மோடு மோதும். கரி டிராக்கில் குழி கிடையாது, அதனால் அங்கே 6 கிலோ இனிக்கும். ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வருவதற்குள் எத்தனை இடத்தில் தோண்டி மூடியிருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இதையே ஆட்டக் கணக்காகவும் பார்க்கலாம். அந்த 300 கிலோ, 2 கிலோ ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு சுமார் 1.3 தடவை ஆடும். 3 கிலோ என்றால் 1.6, 4 கிலோ என்றால் 1.8, 6 கிலோ என்றால் 2.2. முதலாவது மெத்தை. நடுவில் உள்ள இரண்டும் இறுக்கம் தெரியும், ஆனால் முதுகு தாங்கும். 2.2 டிராக்குக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. தினமும் ஆபீஸ் போகிற காருக்கு முன்னால் 3-லிருந்து 4 கிலோவுக்கு மேல் நான் போக மாட்டேன். பின்பக்க 5 கிலோவை மட்டும் அப்படியே ஒப்பிடாதீர்கள். ஸ்பிரிங் சக்கரத்தை ஒட்டி இல்லாமல் பீமின் மேல் கொஞ்சம் தள்ளி உட்காருவதால், சக்கரத்துக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு.

சில பேர் கேட்பார்கள்: 6 கிலோவை வாங்கிவிட்டு, ஸ்பிரிங் உட்காரும் மரைத் தட்டை, அதாவது காலரைத் தளர்த்தி மெதுவாக்கிக்கொள்ளலாமே? முடியாது. காலரை 10 மி.மீ. ஏற்றினால் கார் 10 மி.மீ. உயரும், இறக்கினால் இறங்கும், அவ்வளவுதான். நிற்கும்போது ஸ்பிரிங் அதே 50 மி.மீ.தான் அமுங்கியிருக்கும், ஏனென்றால் மேலே இருக்கிற எடை மாறவில்லை. கிலோ என்பது கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இவற்றில் இருக்கிறது, ஸ்பேனரில் இல்லை.

உயரத்துக்கு வருவோம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வேகத்தடைக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். அப்படி ஒன்றை அழகர்கோவில் பக்கத்துக் கிராமச் சாலைகளில் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நமக்குக் கிடைப்பது ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட ஒன்றரை அடி அகலக் கரை. முன் சக்கரம் அதில் ஏறி அந்தப் பக்கம் தொப்பென்று இறங்குகிற அதே நொடியில் ஸ்பிரிங் அமுங்கி, மூக்கு தாழ்ந்து, என்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சம்ப் கரையைத் தேடிப் போகும். நிற்கிற காரில் டேப் வைத்து அளந்த உயரம் அங்கே பேசாது. இறங்குகிற நொடியில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் பேசும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. ஜெர்மன் செட்டின் பெட்டியில் 30 மி.மீ. தாழும் என்று போட்டிருந்தால், அது ஐரோப்பிய போலோவின் உயரத்திலிருந்து கணக்கு. இந்தியாவில் விற்ற போலோவை நம் சாலைக்காக உயர்த்தித்தான் கொடுத்தார்கள். ஆக, நம் காரில் அது 30-க்கு மேலேயே இறங்கும். அதனால் எந்தச் செட் வாங்கினாலும் காலரை மரையின் மேல்பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். பழைய உயரத்திலிருந்து 20, மிஞ்சினால் 25 மி.மீ. தாழ்ந்தால் போதும். மாட்டுவதற்கு முன்பே நாலு சக்கரத்திலும் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு "முன்னால் எவ்வளவு இருந்துச்சு" என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தாழத் தாழ வளைவில் நன்றாகப் போகும் என்பது பாதி உண்மைதான். மெக்பெர்சன் அமைப்பில் நின்ற நிலையில், சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கிற லோவர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்து இருக்க வேண்டும். ரொம்பத் தாழ்த்தினால் அது படுத்து, அப்புறம் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது, கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் என்கிற கற்பனைப் புள்ளி காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது, அதனால் அதே ஸ்பிரிங்கில் கார் முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடின் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். இதற்குத்தான் 60 மி.மீ. தாழ்த்திய காருக்கு 8 கிலோ ஸ்பிரிங் தேவைப்படுகிறது. தாழ்த்திக் கெடுத்ததை இறுக்கிச் சரிக்கட்டுகிறார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசியில், அதுவும் ஈரமாக இருக்கும்போது, அந்த மாதிரி காரில் போய்ப் பாருங்கள், உள்பக்கச் சக்கரம் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றும்.

கிளிக் விஷயம் தேனிக்காரருக்குக் கீழே எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள். உங்களுக்குச் சுருக்கமாக: 30 கிளிக் என்பது 30 விதமான நல்ல செட்டிங் கிடையாது. நாலைந்துதான் உருப்படியாக இருக்கும், மற்றதெல்லாம் எண்ணிக்கைக்கு. கிளிக்கே இல்லாத செட்டில், அந்த ஸ்பிரிங்குக்கு எந்த டேம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்குகிற அளவு, சரி என்று ஓட்டிப் பார்த்தவர்கள் ஏற்கெனவே பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் குறை என்று நினைக்காதீர்கள். பில்ஸ்டைன் என்கிற ஜெர்மன் கம்பெனியில் பி14 உயரம் மட்டும், பி16-ல் கிளிக்கும் உண்டு. இன்னொரு ஜெர்மன் கம்பெனியான கே.டபிள்யூ.வில் வி1 உயரம் மட்டும், வி2-வில் ரீபவுண்டு (ஷாக் நீளும்போது உள்ள பிடிப்பு), வி3-யில் ரீபவுண்டும் கம்ப்ரஷனும் (அமுங்கும்போது உள்ள பிடிப்பு) தனித்தனியாக. தினமும் ஓட்டுகிற காருக்கு வி3 வாங்கி, திருகை ஒரு தடவை கூடத் தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நண்பர் சொன்ன "ஸ்பிரிங் மட்டும்" யோசனை உங்கள் காருக்குச் சரிவராது. 78,000 ஓடிய ஷாக்கின் மேல் இறுக்கமான புது ஸ்பிரிங்கை வைத்தால், கட்டுப்படுத்த ஆளில்லாத காளை மாதிரி அது துள்ளும். ஸ்பிரிங்கோடு அதற்கேற்ற ஷாக்கும் சேர்த்து வாங்கினால் அது வேறு கதை, நல்ல கதை. பில்ஸ்டைனின் பி8 ஷாக் தாழ்ந்த ஸ்பிரிங்குக்கு, பி6 ஸ்டாண்டர்டு ஸ்பிரிங்குக்கு என்றே செய்வது. உயரத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிற ஆசை இல்லாதவருக்குக் காயிலோவரைவிட அதுவே மேல் என்பது என் கட்சி.

கடிதத்தில் உள்ள இரண்டில் ஒன்று என்றால் கிளிக் இல்லாத ஜெர்மன் செட். தைவான் கம்பெனிகள் ஆர்டர் கொடுத்தால் வேறு கிலோவில் ஸ்பிரிங் போட்டுத் தருவார்கள், கடைக்காரர் முன்னால் 4 கிலோ வரவழைத்துத் தர ஒப்புக்கொண்டால் அதையும் யோசிக்கலாம். இருப்பதை வாங்கிக்கோ என்றால் வேண்டாம். பணம் முழுவதையும் செட்டிலேயே கொட்டவும் வேண்டாம். டாப் மவுண்டிங், லிங்க் ராடு, லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் அதே 78,000 ஓடியவை, கழற்றும்போதே மாற்றிவிடுங்கள். டயர் தேய்ந்திருந்தால் அது எல்லாவற்றுக்கும் முந்தி. வருஷத்துக்கு ஒரு நாள் 2.1 கி.மீ. டிராக்கில் ஓட்டுவதற்காக மீதி 364 நாளும் முதுகைக் கொடுக்காதீர்கள்.

மாட்டும்போது ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். லோவர் ஆர்ம் போல்ட்டுகளைக் கார் லிஃப்ட்டில் தொங்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. ரப்பர் புஷ், முறுக்கிய நிலையையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். தொங்கும்போது முறுக்கிவிட்டுக் காரைத் தரையில் இறக்கினால், நிற்கும்போதும் ஓடும்போதும் புஷ் திருகிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் செய்து கொடுத்தார்கள், நானும் டீ குடிக்கப் போய்விட்டேன். நாலாவது மாதம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் புஷ்ஷின் ரப்பர் பிளந்து, விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. சக்கரத்தைத் தரையில் வைத்து, கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. அப்புறம் 300, 400 கி.மீ. ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட். ஹெட்லைட்டையும் திரும்பச் செட் பண்ணுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிட்டால் 500 ரூபாயில் வேலை முடிகிறது என்கிறார் எங்கள் மெக்கானிக். செய்யலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், அது உண்மைதான், ஆனால் ஷாக் அதே பழைய ஷாக். அதைவிட முக்கியம், வெட்டிய முனை தட்டில் சரியாகப் பொருந்தி உட்காராது. நீளமும் குறைந்துவிட்டதால், சக்கரம் குழியில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறி உட்காரும். கப்பலூர் டோல் தாண்டி 90-ல் போகும்போது அது இடம் மாறினால் என்ன ஆகும் என்று மெக்கானிக்கிடமே கேளுங்கள்.

கேள்வி: அண்ணே, ஐ20 என் லைனில் 30 கிளிக் காயிலோவர் போட்டிருக்கிறேன். ஃபுல் ஹார்டில் வைத்தால்தான் ரேஸ் கார் மாதிரி பிடிக்கும் என்று சொல்லி அப்படியே வைத்துக் கொடுத்தார்கள். நல்ல ரோட்டில் பிரமாதம். ஆனால் வரிசையாக மேடு பள்ளம் வந்தால் போகப் போகக் கார் தரையில் படுத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது, கடைசி மேட்டில் அடி தட்டுகிறது. ஸ்பிரிங் போய்விட்டதா? (தேனி வாசகர்)

பதில்: ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் அதை விரியவே விடவில்லை. கிளிக் திருகு பெரும்பாலும் ரீபவுண்டைத்தான், அதாவது ஷாக் திரும்ப நீளுகிற வேகத்தைத்தான் பிடித்து வைக்கிறது. முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் நிதானமாக நீண்டுகொண்டிருக்கும்போதே இரண்டாவது மேடு வந்துவிடுகிறது, அது இன்னும் கொஞ்சம் அமுக்குகிறது, அடுத்தது இன்னும் கொஞ்சம். நாலாவது மேட்டில் கார், ஷாக் கடைசி வரை அமுங்கும்போது தாங்குகிற பம்ப் ஸ்டாப் என்கிற கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உசிலம்பட்டி வரும் வழியில் எங்காவது வரிசையாக ஐந்தாறு ரம்பிள் பட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

திருகைக் கடிகாரச் சுற்றில் கடைசி வரை மூடுங்கள், அதுதான் பூஜ்யம். அங்கிருந்து நாலு ஷாக்கிலும் 20 கிளிக் திறங்கள். மூடிய இடத்திலிருந்துதான் எண்ண வேண்டும், திறந்த இடத்திலிருந்து எண்ணினால் ஷாக்குக்கு ஷாக் மாறும். இப்போது நன்றாகத் தெரிந்த ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே டயர் காற்றில் ஓட்டுங்கள். ஒரு மேட்டைத் தாண்டியதும் கார் இரண்டு மூன்று தடவை தலையாட்டினால் மூன்று கிளிக் மூடுங்கள். திரும்ப அதே சாலை. ஒரே ஆட்டத்தில் அடங்குகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முன்பக்கம் முடித்துவிட்டுப் பின்பக்கம், இடதும் வலதும் ஒரே எண். எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் சின்னக் குழியில் 'சுள்' என்று அடித்தால் அது கிளிக்கில் போகாது. குழியில் ஷாக் ராடு மின்னல் வேகத்தில் நகர்கிறது, அந்த வேகத்தில் எண்ணெயை விடுவது உள்ளே இருக்கிற வால்வுத் தகடுகள். வெளியே இருக்கிற திருகுக்கு அங்கே பெரிய செல்வாக்கு இல்லை. விலை உயர்ந்த ஷாக்கில் நீங்கள் காசு கொடுப்பது அந்தத் தகடுகளுக்குத்தான்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டுக்காரர் காரில் காயிலோவர் போட்டதிலிருந்து அம்மா பின் சீட்டில் உட்கார மறுக்கிறார். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தாலே ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டொம்' என்று அடிக்கிறது. அவரைக் கேட்டால் ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் என்றால் அப்படித்தான் என்கிறார். உண்மையா? (தல்லாகுளம் வாசகி)

பதில்: உண்மை இல்லை சகோதரி, அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இறுக்கம் வேறு, டொம் வேறு. இறுக்கமான கார் வேகத்தடையைச் சட்டென்று ஏறி இறங்கும், முதுகுக்குத் தெரியும், ஆனால் சத்தம் வராது. டொம் என்பது ஷாக் தன் ஓட்டத்தை முடித்து பம்ப் ஸ்டாப்பில் மோதுகிற சத்தம். அல்லது, பம்ப் ஸ்டாப்பையே மாட்டாமல் விட்டுவிட்டார்கள் என்றால் இரும்போடு இரும்பு. இரண்டாவது என்றால் ஷாக் சீக்கிரமே போய்விடும், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்க்கிற முறை எளிது, செலவு இரண்டு ரூபாய். பின் ஷாக்கின் தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளவென்று இருக்கிற ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, அதைக் கீழே ஷாக்கின் உடம்போடு ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். மிச்ச வாலை வெட்டிவிடலாம். அம்மாவையும் இன்னொருவரையும் பின்னால் உட்காரவைத்து, வழக்கமாகப் போகிற வழியில் ஒரு சுற்று. திரும்பி வந்து பார்த்தால், ஷாக் அதிகபட்சமாக அமுங்கிய இடம் வரை கேபிள் டை மேலே ஏறி நின்றிருக்கும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப் வரை எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறதோ அதுதான் கையிருப்பு. அது பம்ப் ஸ்டாப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் கையிருப்பு காலி.

கணக்கும் அப்படித்தான் வரும். பின்னால் இரண்டு பேர், டிக்கியில் ஒரு மூட்டை என்றால் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் 80 கிலோ கூடுகிறது. சக்கரத்தில் 2 கிலோ விறைப்பு என்றால் 40 மி.மீ. இறங்கும். ஏற்கெனவே பார்வைக்காக 40 மி.மீ. தாழ்த்தியிருந்தால் வேகத்தடைக்கு என்று மிச்சம் எதுவும் இல்லை. பின் ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகி 20 மி.மீ. உயர்த்தினாலே முக்கால்வாசி சத்தம் நின்றுவிடும். அதற்கும் நிற்கவில்லை என்றால் பின்னால் கொஞ்சம் கூடுதல் கிலோ ஸ்பிரிங். ஆச்சரியமாக இருக்கும், ஸ்பிரிங்கை இறுக்கினால் சுகம் கூடுகிறது, ஏனென்றால் மோதல் நின்றுவிடுகிறது. பின்பக்கம் உயர்ந்தால் பார்வை போச்சு என்று அவர் சொன்னால், பின் சீட்டில் ஒரு நாள் அவரை உட்காரவைத்து, மடியில் சால்னா பொட்டலத்தைக் கொடுத்து, நீங்கள் ஓட்டுங்கள்.

கேள்வி: காயிலோவர் போட்டால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா? ஜெர்மன் செட்டில் டி.யு.வி. சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா? (மதுரை, வில்லாபுரம் வாசகர்)

பதில்: டி.யு.வி. என்கிற ஜெர்மன் சோதனை அமைப்பின் காகிதம் ஜெர்மனியில் செல்லும், இங்கே அது தரத்துக்கு ஒரு அத்தாட்சி மட்டும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்துத் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று 182-ஏ பிரிவில் சேர்த்தார்கள். ஆர்.சி.யில் சஸ்பென்ஷனுக்குத் தனிக் கட்டம் இல்லையே என்று வாதாடலாம், வாதாட வேண்டிய நிலைக்குப் போகாமல் இருப்பது நல்லது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ். போடுவதற்கு முன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் வாரண்டி முடிகிற வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கழற்றிய ஒரிஜினல் செட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருஷம் ஓடிய செகண்ட் ஹேண்டு காயிலோவர் பாதி விலைக்கு வருகிறது. கார் ராமநாதபுரத்தில் ஓடியதாம். வாங்கலாமா? (மானாமதுரை வாசகர்)

பதில்: ராமநாதபுரம் என்று கேட்டதும் எனக்குக் கடல் காற்றுதான் ஞாபகம் வருகிறது. முதலில் காலரைத் திருகிப் பாருங்கள். கையால் சுற்றினால் நல்லது, ஸ்பேனர் போட்டுச் சுற்றினால் பரவாயில்லை, சுத்தியல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மரையில் உப்பும் மண்ணும் ஏறி இறுகிவிட்டால் அது உயரம் மாற்ற முடியாத காயிலோவர், அதற்கு எதற்குக் காயிலோவர்? அப்புறம் ராடு. நகத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள், ஒரு சின்னப் புள்ளி தட்டுப்பட்டாலும் அந்த இடம் ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். சீலைச் சுற்றி எண்ணெயில் ஒட்டிய தூசி வளையம் இருந்தால் ஏற்கெனவே கசிகிறது. மோனோடியூப் ஷாக் என்றால் உடம்பில் நசுங்கல் இருக்கவே கூடாது, உள்ளே பிஸ்டன் அந்தச் சுவரிலேயே உரசி ஓடுகிறது. ராடை முழுதாக அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் நிதானமாக, ஒரே சீராக மேலே வர வேண்டும். நாலில் ஒன்று மட்டும் வராமல் படுத்துக் கிடந்தால் அதில் கேஸ் போய்விட்டது. ஸ்பிரிங்கின் மேல் எண் அச்சடித்திருக்கும், அதைப் போட்டோ எடுத்து, அது எத்தனை கிலோ என்று தயாரித்த கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், விற்பவர் வாயால் சொன்ன கிலோவை நம்பாதீர்கள். கடைசியாக, அந்தச் செட் உங்கள் காரின் மாடலுக்கும் என்ஜினுக்கும் வந்ததுதானா என்று பாருங்கள். டீசல் என்ஜினின் எடைக்கு வந்த ஸ்பிரிங்கைப் பெட்ரோல் காரில் மாட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஆக்டேவியா மாதிரி கார் என்றால் முன் ஸ்ட்ரட்டின் விட்டம் 50 மி.மீ.யா 55 மி.மீ.யா என்பதையும் அளந்துவிட்டுப் பணத்தை எடுங்கள், மாறிப்போனால் உள்ளேயே நுழையாது.